எடை அப்படியே இருந்தது, கால் மட்டும் மெலிந்தது: கல்லீரல் கொழுப்பு அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

அம்மாவுக்கு வயது 63. எஸ்டேட்டில் 28 வருடம் கொழுந்து பறித்தவர். மூட்டு வலியால் வேலையை விட்டு 5 வருடம் ஆகிறது. எடை அன்றும் 49 கிலோ, இன்றும் 49 கிலோ. அதனால் அவர் உடம்பில் ஏதோ நடக்கிறது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. வயிற்று வலிக்கு, பித்தப்பையில் கல் இருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தோம். கல் இல்லை. கல்லீரலில் கொழுப்பு, கிரேடு 2, அதாவது நடுத்தர அளவு என்று வந்தது. குடி என்ற பேச்சே கிடையாது, பலகாரமும் தொடமாட்டார், ஆளும் ஒல்லி. வேறு யாருடைய ரிப்போர்ட்டோ என்று திரும்பிப் போய்ப் பெயரைச் சரிபார்த்துவிட்டு வந்தேன்.

கோயம்புத்தூரில் பார்த்த டாக்டர் முதலில் அம்மாவின் ஸ்வெட்டரைக் கழற்றச் சொன்னார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மலையில் வருடம் முழுக்க ஸ்வெட்டரும் சால்வையுமாகவே இருக்கிறோம். அம்மாவின் கையை முழுசாகப் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று! முதுகு நிறையக் கொழுந்து மூட்டையோடு மேடு ஏறிய கை கால் அது. இப்போது தோள்பட்டைக்குக் கீழே தோல் தொங்கியது. கையைத் தூக்கியதும் கண்ணாடி வளையல் முழங்கை வரை வழுக்கிப் போனது.

கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 5 தடவை எழுந்து உட்காரச் சொன்னார். 12 நொடிக்குள் முடிந்திருக்க வேண்டுமாம். அம்மாவுக்கு 19 நொடி ஆனது, நாலாவது தடவை என் தோளைத் தேடினார். அப்புறம் கெண்டைக்காலை டேப்பால் அளந்தார், 30 செ.மீ. பெண்களுக்கு 33, ஆண்களுக்கு 34 செ.மீக்குக் கீழே போனால் தசை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். அந்தத் தசை சுருங்கிவிட்டால் சர்க்கரைக்குப் போக்கிடம் இல்லை. இன்சுலின் ஏறிக்கொண்டே போகும், மிஞ்சியதைக் கல்லீரல் கொழுப்பாக்கிச் சேர்த்து வைக்கும். கல்லீரல் கெடக் கெட அது தசையையும் அரிக்கும். அம்மாவின் எடை மாறாததற்குக் காரணமும் இதுதான்: தசை போன அளவுக்குக் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

நம் நாட்டு உடல்வாகிலேயே இது அதிகம் என்று சொல்லி, 2004இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஒரு படத்தைக் காட்டினார். புனே மருத்துவர் யாஜ்னிக்கும் இங்கிலாந்து மருத்துவர் யுட்கினும் அதில் இருக்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, 22.3. ஆனால் உடலில் கொழுப்பு யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1.

பிறகு அம்மாவின் ஒரு நாள் சாப்பாட்டை எழுதச் சொன்னார். எழுத எழுத எனக்கு மனசு கனத்துவிட்டது. காலையில் டீ, வர்க்கி. மதியம் சோறு, ரசம். சாயங்காலம் மறுபடி டீ, வர்க்கி. இரவில் மிச்சச் சோறு. ஒரு நாளைக்கு 6 டீ, எல்லாவற்றிலும் 2 கரண்டி சர்க்கரை. வீட்டில் முட்டை வாங்குகிறோம், அது பேரப்பிள்ளைகள் தட்டுக்குப் போகிறது. பருப்பிலும் அடியில் இருப்பதை எங்களுக்குப் போட்டுவிட்டுத் தெளிவை மட்டும் ஊற்றிக்கொள்வார். இத்தனை வருடம் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் நான் கவனிக்கவில்லை.

இப்போது 2 டீ, சர்க்கரை இல்லாமல். தினம் 2 முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு, இரவில் அவரைக்கொட்டையோ பட்டாணியோ, எது கிடைக்கிறதோ அது. நாற்காலியில் எழுந்து உட்காருவதையே பயிற்சியாகவும் செய்கிறார். உங்கள் வீட்டிலும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

கூடலூரிலிருந்து:

எனக்கு இது தலைகீழாக நடந்தது. வயது 41, ஜீப் ஓட்டுகிறேன், அப்போது 86 கிலோ. கொழுப்புக் கல்லீரல், எடையைக் குறை என்று ஒரே வரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எப்படிக் குறைப்பது என்று யாரும் சொல்லவில்லை. இரவுச் சாப்பாட்டை விட்டேன், காலையில் வெறும் கஞ்சி. 2 மாதத்தில் 11 கிலோ போனது. ஊரே பாராட்டியது. ஒரு நாள் வழியில் டயர் பஞ்சர், ஸ்டெப்னியைத் தூக்கி மாட்ட முடியவில்லை, கை உதறுகிறது. வேறு டாக்டரிடம் போனேன். எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் நன்றாகத் தேறும், ஆனால் பட்டினி கிடந்து அவசரமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும் என்றார். நடந்தால் மட்டும் போதாது, பளு தூக்குகிற பயிற்சியும் வேண்டுமாம். இப்போது வாரம் 3 நாள் 10 லிட்டர் தண்ணீர் கேனை இரண்டு கையிலும் தூக்குகிறேன், சுவரில் கை வைத்துத் தண்டால் எடுக்கிறேன்.

குன்னூரிலிருந்து:

அப்பாவுக்குக் கல்லீரல் சுருங்கிவிட்டது, சிரோசிஸ். பருப்பு, முட்டை, கறி எதுவும் கூடாது என்று உறவில் ஆளாளுக்குச் சொன்னார்கள், நாங்களும் நிறுத்தினோம். நெற்றிப் பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்தது. டாக்டர் கோபித்துக்கொண்டார். கல்லீரல் வெளியேற்ற முடியாத அம்மோனியா என்ற கழிவைத் தசைதான் ஓரளவு சமாளிக்கிறது, தசையையும் கரைத்தால் அந்தக் கழிவு மூளைக்கு ஏறி மனக்குழப்பம் வரும் என்றார். எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் கொடுக்கச் சொன்னார். ராத்திரி முழுக்க வெறும் வயிறாக இருந்தால் உடம்பு தசையை எடுத்து எரிக்குமாம், அதனால் படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது சாப்பிட வேண்டும். பாலும் ராகிக் கூழும் கொடுக்கிறோம். தயவுசெய்து பக்கத்து வீட்டுப் பேச்சைக் கேட்டுப் புரதத்தை நிறுத்தாதீர்கள்.

உதகையிலிருந்து:

கோத்தகிரிக்காரருக்கு: மூட்டு வலியோடு அம்மா எப்படி எழுந்து உட்கார்கிறார்? என் மாமியாரும் முடியாது என்கிறார்.

கோத்தகிரியிலிருந்து:

அக்கா, நாற்காலியில் 2 தலையணை போட்டு உயரமாக்கினோம். அவ்வளவாகக் குனிய வேண்டியதில்லை, முட்டிக்கும் பாரம் குறைவு. முதல் வாரம் ஒரு வேளைக்கு 3 தடவை மட்டும், மேசையைப் பிடித்துக்கொண்டு. 2 மாதம் கழித்து ஒரு தலையணையை எடுத்துவிட்டோம். முட்டி வீங்கிய நாளில் விட்டுவிடுவோம், அன்றைக்கு உட்கார்ந்தபடியே காலை நீட்டி மடக்குவார். போன ஞாயிற்றுக்கிழமை தலையணை இல்லாமல் 5 தடவை பார்த்தோம், 15 நொடி. கெண்டைக்கால் இன்னும் 30 செ.மீதான்.