புதுப்பிப்பு: அட்டைப்பெட்டிக் கோட்டை சாய்வது ஏன்?

பிள்ளைகள் விளையாடும் அட்டைப்பெட்டிக் கோட்டையை மைதா பசையால் ஒட்டச் சொல்லி முந்தைய பதிவில் எழுதியிருந்தேன்; அந்தப் பசையை விட்டுவிடுங்கள். ஐப்பசி மழையில் டெல்டாப் பக்கம் அது காயவே காயாது. அட்டை ஊறிச் சுவர் தொய்கிறது, ராத்திரி கரப்பான் வேறு. மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலந்தால் பூச்சி வராதுதான், ஆனால் அது விஷம். பிள்ளைகள் தொடும் பொருளில் கூடவே கூடாது. ஃபெவிகாலை மெல்லிசாகத் தடவி, துணி கிளிப் போட்டு அரை மணி நேரம் விடுங்கள்.

முக்கியமானது இதுதான்: வெட்டிய விளிம்பில் நெளிநெளியாகத் தெரியும் அட்டையின் உள்குழல்கள் மேலிருந்து கீழாகச் செங்குத்தாக ஓடணும். படுக்கைவாட்டில் வைத்தால் சுவர் அந்தக் கோட்டிலேயே மடங்கும். மூலைக்கு 5 செ.மீ. பட்டையை ‘ட’ போல மடித்து உள்பக்கம் ஒட்டுங்கள்.

தரங்கம்பாடியில் 1620இல் எழுந்த டேனிஷ் கோட்டை மாதிரி மண் நிறம் பூசுகிறீர்களா? வாட்டர் கலரை ஒரு பக்கம் மட்டும் அடித்தால் அட்டை வளையும். இரண்டு பக்கமும் அடியுங்கள். கத்தி மட்டும் பெரியவர் கையில்.