விவசாயக் கூலிகளுக்காக வழக்கு நடத்தியவர்கள்: இன்னும் மனதை விடாத ஒரு சம்பவத்தைப் பகிருங்கள்

வடமாவட்ட வக்கீலம்மா:

முன்பணம் வாங்கிக் கரும்பு வெட்டுக்குப் போய், கடன் தீராமல் கொத்தடிமையாக மாட்டிக்கொண்ட குடும்பங்களின் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். இருளர் குடும்பம். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். சட்டப்பணிகள் ஆணைக்குழு சார்பில் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணைக்குப் போயிருந்தேன். "அடிச்சாங்களா? பூட்டி வெச்சாங்களா?" வழக்கமான கேள்விகள்தான். அவர் எல்லாவற்றுக்கும் "இல்லீங்க சார், நல்ல மனுசருங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சரி, போச்சு என்று நினைத்தேன். அப்போது அந்த அம்மா குறுக்கே பேசினார்: "எங்கம்மா சாவுக்குப் போவணும்னு கேட்டோம். போயிட்டு வாங்க, பெரியவன் இங்கயே இருக்கட்டும்னாங்க." அந்த ஒரு வரியில்தான் விடுதலைச் சான்றிதழ் கிடைத்தது.

நான் சொல்ல வந்தது அதுவல்ல. உடனடி நிவாரணம் 30,000 கணக்கில் ஏறியதும் இரண்டு பேரும் என்னைப் பார்க்க வந்தார்கள். அவர் பாஸ்புக்கை மேஜை மேல் வைத்துவிட்டுக் கேட்டார்: "இதுல மொதலாளி அட்வான்ஸை அடைச்சிடட்டுமாம்மா?"

1976-ஆம் வருஷக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்தில் 6-ஆம் பிரிவுப்படி அந்தக் கடன் அழிந்துவிட்டது, அதை முதலாளி இனி வாங்கினால் 9-ஆம் பிரிவில் அவருக்குத்தான் மூன்று வருஷம் வரை ஜெயில் என்று பொறுமையாக விளக்கினேன். முழுசாகக் கேட்டுக்கொண்டார். "சட்டம் சொல்லுதும்மா, சரி. கை நீட்டி வாங்குனது நான்தானே?" என்றார். அந்த அம்மா அவர் பக்கம் திரும்பி, "அப்ப இத்தனை வருசம் வெட்டுனது யாரு கணக்குல?" என்று கேட்டார். அவர் வாயே திறக்கவில்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பணம் கடைசியில் எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. உங்களிடம் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்களா?

கரும்புக்காரர் மகன்:

நானும் வக்கீல்தான், சட்ட உதவிப் பட்டியலில் இருக்கிறேன். பையனைப் பிடித்து வைத்தது அக்கிரமம், அதில் பேச்சே இல்லை. ஆனால் அட்வான்ஸ் கொடுத்தவரெல்லாம் பண்ணையார் என்று இங்கே ஆளாளுக்கு எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. எங்கப்பாவுக்கு இரண்டரை ஏக்கர். ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்துவிட்டால் உடனே ஆள் வேண்டும், மேஸ்திரியோ முன்பணம் இல்லாமல் ஒரு ஆளைக்கூட அனுப்ப மாட்டார். ஒரு வருஷம் அவர் பணத்தோடு மறைந்துபோனார். கரும்பு வயலிலேயே காய்ந்து எடை குறைந்தது. அப்பா வரப்பில் உட்கார்ந்து தோகையைக் கிழித்துக்கொண்டே இருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. அந்த அட்வான்ஸுக்கு அவர் யாரிடம் போய் மனுப் போடுவது? கூலி குறைந்தாலே கொத்தடிமை என்று எழுதிவிடுகிறீர்கள். கொஞ்சம் நிதானம் வேண்டும்.

டெல்டாக்காரன்:

கரும்புக்காரரே, அதை நாங்களாக எழுதிக்கொள்ளவில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டிக் கட்டுமான வேலையாட்கள் வழக்கில் 1982-இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னது: குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்கினால் அதுவும் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு தடுக்கிற கட்டாய உழைப்புதான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்ட தகராறில் 44 பேர் எரிந்துபோன கீழ்வெண்மணி எங்கள் பக்கத்து ஊர். 1969-இல் நியாயக் கூலிச் சட்டம் வந்ததே அதற்கு அப்புறம்தான். நிதானம் எல்லாம் நிறையப் பார்த்துவிட்டோம்.

சரி, என் கதை. கதிரடிக்கும் மெஷினில் கை போன அம்மா. விவசாய வேலையாக இருந்தாலும் எந்திர சக்தியில் நடந்தால் நஷ்ட ஈடு கேட்கலாம், அப்போது 1923-ஆம் வருஷத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம். எதிர்த்தரப்பின் வாதம் முழுக்க ஒன்றுதான்: மெஷின் வேறு ஊர்க்காரருடையது, வாடகைக்கு வந்தது, ஆகவே நிலத்துக்காரர் முதலாளி இல்லை. குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் விடாமல் குடைய, அந்த அம்மா சலித்துப்போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்த நிலத்துக்காரரைப் பார்த்து, "ஏங்க, விடியக்காலம் தெருவுல வந்து வேலைக்குக் கூப்புட்டது நீங்கதான?" என்று கேட்டுவிட்டார். அவர் யோசிக்காமல், "ஆமா, நான்தான் கூப்புட்டேன், இல்லைங்கலையே" என்றார். அவருடைய வக்கீல் ஃபைலை மூடிய சத்தம் எனக்கே கேட்டது.

பணம் வந்தது. அடுத்த நடவுக்கு அந்த அம்மாவின் மருமகளை, கூட இருந்த தங்கச்சியை, யாரையும் அந்தத் தெருவில் கூப்பிடவில்லை. இதற்கு எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது?

ரிட்டையர்டு ஆர்.ஐ.:

வருவாய் ஆய்வாளராக என் அனுபவம் சின்னது. கிடை ஆடு மேய்க்க விடப்பட்டிருந்த ஒரு பையனை மீட்டோம், பத்து வயசு இருக்கும். ஜீப்பில் ஏற மாட்டேன் என்று நின்றான். ஆட்டை எண்ணி ஒப்படைத்துவிட்டுத்தான் வருவானாம். எண்ண விட்டோம்.

இப்போது வக்கீலம்மாவுக்குச் சில விஷயங்கள். விசாரணையை வேலை இடத்திலேயே, முதலாளி காதில் விழுகிற தூரத்தில் வைக்க விடாதீர்கள். புருஷன், பெண்டாட்டியைத் தனித்தனியாக விசாரிக்கச் சொல்லுங்கள். "அடிச்சாங்களா" என்பது உதவாத கேள்வி. வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியுமா, சந்தைக்குப் போக யாரைக் கேட்க வேண்டும், ஒருத்தர் ஊருக்குப் போனால் யார் இங்கே இருக்க வேண்டும், இப்படிக் கேட்டால்தான் வெளியே வரும். இது கொத்தடிமைக் கடன் என்று தொழிலாளி சொல்லிவிட்டால், இல்லை என்று நிரூபிப்பது கடன் கொடுத்தவர் பொறுப்பு, 15-ஆம் பிரிவு. பல அதிகாரிகளுக்கே அதை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கும். குடும்பத்துக்கு ஒரே சான்றிதழ் என்று ஒப்புக்கொள்ளாதீர்கள், ஆளுக்கொன்று வாங்குங்கள். மறுவாழ்வுத் தொகை வயது வந்த ஆணுக்கு ஒரு லட்சம் என்றால் பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டு லட்சம். அந்தப் பெரிய தொகை முதலாளிக்குக் கிடைக்கும் தண்டனையோடு முடிச்சுப் போடப்பட்டிருப்பதால் எஃப்.ஐ.ஆரை விட்டுவிடக் கூடாது. பாஸ்புக் மேஸ்திரி கைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முக்கியமாகச் சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வீட்டுமனைப் பட்டா. இந்த மூன்றும் இல்லையென்றால் அடுத்த வெட்டு சீசனில் அதே குடும்பத்தை அதே கொல்லையில் பார்ப்பீர்கள்.

டெல்டாக்காரன்:

ஐயா, அவர் ஆலோசனை கேட்கவில்லை. அந்த ஆட்டுக்காரப் பையன் கதையை நாலு வரி கூட எழுதியிருக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்ததா?

ரிட்டையர்டு ஆர்.ஐ.:

ஒன்று குறைந்தது. அழுதான். முள்வேலிக்குப் பின்னால் கிடந்தது, தேடிப் பிடித்தோம்.

மலையகத் தம்பி:

எங்கட பக்கம், இலங்கை மலையகத்தில், அட்வான்ஸ் பிரச்சினை இல்லை, ஊழியர் சேமலாப நிதியை எடுப்பதுதான் பெரும் பாடு. செக்ரோலில் (தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில்) ஒரு பேர், அடையாள அட்டையில் வேறொரு பேர். கொழுந்து பறித்தே வயசுபோன ஓர் அம்மாவுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று சத்தியக் கடதாசி எழுதி வாசித்துக் காட்டினேன். கையெழுத்து வைக்க முன்னம் கேட்டார்: "தம்பி, இதுல பொய் ஒண்ணும் இல்லையே?" அவர் முழு நாளும் பறித்துக் கொடுத்து, கிலோ குறைவு என்று அரைப்பேர் (அரைநாள் கூலி) போட்ட நாட்கள் எத்தனையோ. அந்தக் கணக்கெழுதியவர்கள் யாரும் இப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள்.

கரும்புக்காரர் மகன்:

1982 தீர்ப்பு எனக்கும் தெரியும். கரும்புக்கு ஆலை எங்களுக்கு வைத்த பாக்கி பற்றித் தனியாக எழுதுகிறேன், அங்கே வாருங்கள். வக்கீலம்மா, என் கட்சிக்காரர் ஒருத்தரும் அதேபோலக் கேட்டார். கொடுக்காதீர்கள் என்றேன். கொடுத்துவிட்டார், ரசீதும் கேட்டு வாங்கி வந்தார்.

வடமாவட்ட வக்கீலம்மா:

ரசீதா! அதுவே 9-ஆம் பிரிவுக்குச் சாட்சி ஆயிற்றே, புகார் கொடுத்தீர்களா? ஆர்.ஐ. ஐயா, இரண்டு பேருக்கும் தனித்தனிச் சான்றிதழ் வாங்கியாயிற்று, எஃப்.ஐ.ஆரும் இருக்கிறது.

ரிட்டையர்டு ஆர்.ஐ.:

நல்லது. சாதிச் சான்றிதழ்?