அமால்ஃபிக்குப் பதிலாக சிலெந்தோ கடற்கரை சரிவருமா?

கேள்வி: ஜூன் கடைசியில் குடும்பத்தோடு இத்தாலி போகிறோம். அமால்ஃபி கூட்டமும் விலையும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது, அதற்குத் தெற்கே சிலெந்தோ நன்றாக இருக்கும் என்கிறார்கள். கார் இல்லாமல் சமாளிக்கலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள். சலேர்னோவிலிருந்து ரயிலிலேயே பேஸ்தும், அக்ரோபோலி, அஷேயா எல்லாம் போய்விடலாம். பேஸ்துமில் கிரேக்கர்கள் சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் கட்டிய மூன்று கோயில்கள் இன்னும் தூண்களோடு நிற்கின்றன, வெயில் தாழ்ந்ததும் போய் நிதானமாகப் பாருங்கள். அப்புறம் பக்கத்துப் பண்ணைகளில் எருமைப்பால் மொசரெல்லா சீஸ், அன்றன்று செய்தது, விட்டுவிடாதீர்கள்!

பதில்: ரயில் சரி, ஆனால் அச்சரோலி, பலினுரோ பக்கம் பஸ் குறைவு. அங்கே மட்டுமாவது கார் எடுங்கள். பலினுரோவில் படகில் போய் நீலக் குகை பார்க்கலாம்.

பதில்: ஜூன் நல்ல முடிவு, ஆகஸ்ட் 15 அங்கே விடுமுறை நாள், அதை ஒட்டி இத்தாலிக்காரர்களே கடற்கரையில் குவிந்துவிடுவார்கள். அஷேயா போனால் பழைய கிரேக்க நகரமான வேலியாவின் இடிபாடுகளையும் பாருங்கள், தத்துவஞானி பார்மெனிடிஸ் பிறந்த ஊர்.