கொலஸ்ட்ரால் தானாக இறங்கியது: சிரோசிஸ் (ஈரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்) உள்ளவர்களின் வீட்டார் அனுபவம்

பொன்னிநதி:
அப்பாவுக்குச் சுகர், ஃபேட்டி லிவர், எல்லாம் பழைய கதை. ஒரு காலத்தில் 240-ஐ ஒட்டியே இருந்த கொலஸ்ட்ரால் போன செக்கப்பில் 112, எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ரால் 58. மாத்திரையே ஒழுங்காகப் போடாதவர்! வாக்கிங் நண்பர்களிடமெல்லாம் ரிப்போர்ட்டைக் காட்டினார். கால் வீக்கத்துக்காகப் போனபோது ஈரல் டாக்டர் அந்த 112-ஐப் பேனாவால் வட்டமிட்டார். பக்கத்தைப் புரட்டி ரத்தப் புரதமான ஆல்புமின் 2.6-ஐயும் வட்டமிட்டார். "ரெண்டையும் தயாரிக்கிறது ஈரல்தான் சார். அதுக்குத் தெம்பு போயிடுச்சு, அதான் ரெண்டும் குறைஞ்சிருக்கு" என்றார். 112-க்குப் பக்கத்தில் 'நார்மல்' என்று அச்சாகியிருந்தது. அப்பா அந்த வார்த்தையையே விரலால் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்.

மலைச்சாரல்:
உங்கள் அப்பாவுக்குச் சரி. ஆனால் சிரோசிஸ் என்றாலே கொழுப்பு இறங்கும் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். என் அம்மாவுக்கு வந்தது பி.பி.சி., ஈரலுக்குள் இருக்கும் சின்னப் பித்தக்குழாய்களை உடம்பே அழிக்கிற நோய். கொலஸ்ட்ரால் 380. கண்ணிமையில் மஞ்சள் திட்டு, ராத்திரி முழுக்க அரிப்பு. கொலஸ்ட்ரால் வெளியேறுவதே பித்தம் வழியாகத்தான். அது தேங்கினால் ரத்தத்தில் ஏறுகிறது. பித்தம் தேங்கினால் ஏறும் அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி எகிறிக் கிடந்ததை யாரும் பார்க்காமல், எண்ணெயைக் குறை என்றே காலத்தை ஓட்டினார்கள். அது இன்னும் ஆறவில்லை எனக்கு.

பழைய லேப்காரர்:
நான் வேலையில் இருந்தபோது குடிப்பழக்கம் உள்ள ஒருவருக்கு ஹெச்.டி.எல். என்ற நல்ல கொலஸ்ட்ரால் வெறும் 11 வந்தது. மெஷின் கோளாறு என்று திரும்ப ஓட்டினேன், அதே 11. நிமிர்ந்து பார்த்தால் கண் மஞ்சள்.

பொன்னிநதி, பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் வையுங்கள். ஆல்புமின், பிலிருபின் (மஞ்சள் காமாலை அளவு), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் வேகம்), பிளேட்லெட் (ரத்தத் தட்டணுக்கள்) நான்கையும் சேர்த்துப் பாருங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டேட்டினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம். ஈரல் ஓரளவு தாங்கும்வரை கொடுக்கிறார்கள். வயிற்றில் நீர் கோத்து மஞ்சள் ஏறியபின் சிம்வாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டின் 40 மி.கி. போன்ற அளவு தசையைச் சிதைத்துவிடலாம். டாக்டரிடம் கேளுங்கள். உப்பைக் குறையுங்கள், சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும்: முட்டை, பருப்பு, தயிர். படுக்கப்போகும் முன் கொஞ்சம் ஏதாவது கொடுங்கள். ராத்திரி வெறும் வயிறாகக் கிடந்தால் உடம்பு தசையைக் கரைத்துத் தின்னும்.

மலைச்சாரல்:
புரதம் சரி ஐயா. அரிப்புக்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

பொன்னிநதி:
ஐயா, எடுத்துப் பார்த்தேன். 238, 201, 164, 112. கூடவே பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. திங்கட்கிழமை எண்டோஸ்கோபி, இந்தப் பட்டியலையும் கொண்டுபோகிறேன். முட்டை அவித்துக் கொடுத்தோம். கொலஸ்ட்ரால் ஏறிவிடும் என்று மஞ்சள் கருவை ஒதுக்குகிறார்.