மரவில்லோடு மனம் ஒட்டவில்லை: விற்றுவிடலாமா, இன்னும் பழகலாமா?

காட்பாடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காட்பாடியில் வசிக்கிறேன். சில ஆண்டுகளாக ரிக்கர்வ் வில்லில் (நுனிகள் முன்புறம் வளைந்த நவீன வில்) குறிபார்க்கும் சைட், ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் தண்டு எல்லாம் பொருத்தி 18 மீட்டரிலும் 30 மீட்டரிலும் பயிற்சி செய்து வந்தேன். பொங்கலுக்குப் பிறகு ஹிக்கரி மரத்தில் செய்த 68 அங்குல லாங்போ (நீள்வில்) ஒன்றை வாங்கினேன். 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு, அதாவது நாணை அவ்வளவு தூரம் இழுக்க 40 பவுண்டு விசை வேண்டும், என்று அதில் எழுதியிருக்கிறது. என் இழுப்பு 26 அங்குலம்தான். கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராத அளவுக்கு அழகான வில். ஆனால் எய்யத் தொடங்கினால் அந்த அழகெல்லாம் மறந்துபோகிறது.

நான் வலக்கையால் நாண் இழுப்பவள். 20 மீட்டரில் அம்புகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே விழுகின்றன, ஆனால் எப்போதும் இலக்குக்கு இரண்டு சாண் இடப்பக்கமாக. தண்டில் 500 என்று அச்சிட்ட, பிளாஸ்டிக் இறகு ஒட்டிய கார்பன் அம்புகளைத்தான் இதற்கும் பயன்படுத்துகிறேன். இடக்கை ஆள்காட்டி விரலின் முட்டியில் அந்த இறகு கீறிக் கீறிப் புண்ணாகிவிட்டது. போதாததற்கு நாண் முன்கையில் அடித்து நீலம் பாய்ந்திருக்கிறது. ஒழுங்காக இருந்த வில்லை விட்டுவிட்டு இந்தக் கட்டையோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.

குறை என் முறையிலா, வில்லிலா? எனக்கு இந்தப் பவுண்டு அதிகமா? இவற்றைவிட முக்கியமாக, மரவில்லை விரும்பி எய்பவர்களுக்கு அந்த விருப்பம் எப்படி வந்தது? யாரைக் கேட்டாலும் “பழகப் பழகச் சரியாகும்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

---

திருப்பத்தூர் பழைய வில்லாளி எழுதியது:

அம்மா, அம்புகள் நெருக்கமாக விழுகின்றன என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். முறை தவறியிருந்தால் அவை நாலாபக்கமும் சிதறியிருக்கும். குறை உங்களிடமும் இல்லை, வில்லிலும் இல்லை; அம்பில் இருக்கிறது.

ரிக்கர்வ் வில்லின் கைப்பிடியில் நடுக்கோடு வரை வெட்டி அம்புக்கு வழி விட்டிருப்பார்கள். மரவில்லில் அந்த வெட்டு கிடையாது, அல்லது பெயருக்குச் சிறிது இருக்கும். அம்பு கைப்பிடியின் இடப்பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. நாணோ விடுபட்டதும் வில்லின் நடுவை நோக்கி ஓடுகிறது. ஆகவே அம்பின் வால் நடுவுக்கு வர வர, அதன் முனை இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். அம்பு சரியான அளவு வளையக்கூடியதாக இருந்தால், கைப்பிடியைச் சுற்றிப் பாம்பு போல நெளிந்து வெளியேறி, சில மீட்டருக்குள் நிமிர்ந்து நேராகப் போகும். விறைப்பு மிகுந்த அம்பு நெளியாது. கைப்பிடியில் உரசி இடப்பக்கம் போய்விடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

500 என்ற எண்ணுக்குப் பொருள் இது: 28 அங்குல இடைவெளியில் இரு முனைகளையும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் அந்தத் தண்டு அரை அங்குலம் வளையும். மர அம்புக் கணக்கில் சொன்னால் அது 60 பவுண்டுக்கு மேற்பட்ட வில்லுக்கான விறைப்பு. உங்கள் வில் 26 அங்குல இழுப்பில் ஏறக்குறைய 35 பவுண்டுதான் தரும். ஓர் அங்குலம் குறைந்தால் இரண்டு, இரண்டரை பவுண்டு குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். 35 பவுண்டு வகை மர அம்புகளை, உண்மையான பறவை இறகு ஒட்டியவையாக, அரை டஜன் வாங்குங்கள். பறவை இறகு விரலிலோ கைப்பிடியிலோ பட்டால் மடிந்து கொடுத்துவிடும். பிளாஸ்டிக் மடியாது, உங்கள் முட்டியில் உள்ள புண் அதற்குச் சாட்சி.

விற்பவர் சொல்லும் எண்ணை அப்படியே நம்பாமல் வீட்டிலேயே சோதித்துவிடலாம். 26 அங்குல இடைவெளியில் இரண்டு ஆணிகள் மேல் தண்டை வைத்து, நடுவில் 2 பவுண்டு எடையை, அதாவது 907 கிராமைத் தொங்கவிட்டு, எத்தனை அங்குலம் தாழ்கிறது என்று அளந்து, 26ஐ அந்த அளவால் வகுத்தால் பவுண்டு கிடைக்கும். 0.65 அங்குலம் தாழ்ந்தால் 40 பவுண்டு, 0.74 என்றால் ஏறத்தாழ 35. மரத்தண்டை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்தாலும் ஒரே அளவு வராது. ஆண்டு வளையங்களின் ஓரம் தெரியும் பக்கமே விறைப்பானது. அளக்கும்போது அந்தப் பக்கத்தில் எடை இறங்க வேண்டும், எய்யும்போது அந்தப் பக்கம் வில்லைத் தொட வேண்டும்.

நாண் முன்கையில் அடிப்பதற்குப் பெரும்பாலும் நாண் தாழ்ந்து, அதாவது கைப்பிடிக்கு மிக அருகில், இருப்பதே காரணம். கையை முட்டியாக மடக்கிக் கைப்பிடியில் வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் நாணைத் தொட வேண்டும். ஆறரை அங்குலம் அளவுக்கு வரும். தாழ்ந்திருந்தால் நாணைக் கழற்றி, முறுக்கைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி ஏற்றுங்கள். இடக்கை முழங்கையின் மடிப்பு வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் இருக்கட்டும்.

இனி விருப்பத்தைப் பற்றி. ரிக்கர்வ் வில்லில் இழுத்து நிறுத்தி, சைட் நிலைக்கும் வரை காத்திருந்து விடுவீர்கள். மரத்தை அப்படிக் காக்க வைக்கக் கூடாது. முழு இழுப்பில் நிற்கும் ஒவ்வொரு நொடியும் மரத்தின் நார்களை நசுக்குகிறது. நாளடைவில் வில் கூன் விழுந்து பலம் குறையும். கை கடைவாயைத் தொட்டதும் ஒரு மூச்சளவு, பிறகு விட்டுவிட வேண்டும். கண் அம்பு முனையில் இல்லாமல் இலக்கின் மிகச் சிறிய ஒரு புள்ளியில் இருக்க வேண்டும். இது கைக்கு வரும்வரை ஐந்து தப்படி தூரத்தில், இலக்குத் தாளே ஒட்டாத வைக்கோல் கட்டை நோக்கி எய்யுங்கள். அவ்வளவு அருகில் தவறவிட வழியில்லை என்பதால், அம்பு எங்கே போயிற்று என்ற கவலை இல்லாமல் தோள்பட்டை என்ன செய்கிறது என்பதைக் கவனிக்க முடியும்.

அதன் பிறகு 20 மீட்டர் கோட்டை மறந்துவிடுங்கள். அளந்து வைத்த தூரத்தில் நின்று எய்யும்வரை மரவில் உங்களுக்கு ரிக்கர்வின் ஏழைப் பங்காளியாகவே தெரியும், ஏனென்றால் அந்த இடத்தில் சைட்டுக்குத்தான் வெற்றி. தூரம் தெரியாத இடத்தில் நடந்துகொண்டே எய்து பாருங்கள். அறுவடை முடிந்த வேர்க்கடலை நிலம், தெரிந்தவருடைய தென்னந்தோப்பு, ஏதாவது ஒன்று போதும். உரிமையாளரின் அனுமதியோடு, மழுங்கிய முனை அம்பால், அங்கே ஒரு மண்மேட்டை, இங்கே ஒரு காய்ந்த மட்டையைக் குறித்து எய்து, போய் எடுத்து, நின்ற இடத்திலிருந்தே அடுத்ததைத் தேர்ந்தெடுங்கள். 12 மீட்டரா 27 மீட்டரா என்று எண்ணாமலே கை உயரம் தானாக அமையும் நாள் வரும். இந்த வில்லிலிருந்து அம்பு நொடிக்குச் சுமார் 45 மீட்டர் வேகத்தில்தான் போகும். கப்பிகள் பொருத்திய காம்பவுண்ட் வில்லில் அதன் இரு மடங்கு. அந்த நிதானத்தால் அம்பு வளைந்து ஏறி இறங்குவதை முழுவதும் பார்க்க முடிகிறது. எனக்கு விருப்பம் வந்தது அதைப் பார்த்துத்தான்.

---

ஆம்பூர் தோல்காரன் எழுதியது:

பெரியவர் சொன்னதற்கு மேல் வில்லைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் கைப் புண்ணுக்கு மட்டும் எழுதுகிறேன். நம் பக்கத்தில் தோலுக்கா பஞ்சம்? வெளிநாட்டு விரலுறைக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

வாங்கும்போது குரோம் உப்பில் பதனிட்ட குரோம் தோலா, மரப்பட்டையில் பதனிட்டதா என்று கேளுங்கள். காலணி மேல்பாகத்துக்குப் போகும் குரோம் தோல் மெத்தென்று இருக்கும். ஆனால் நாண் பட்டுப் பட்டு இழுபட்டுச் சுருங்கும். பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நின்று, வியர்வையும் தேய்ப்பும் பட்டபின் உங்கள் விரலின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். இந்த வட்டாரத்தில் ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையில்தான் எல்லாத் தோலும் பதமாயிற்று. விரலுறைக்கு 2 மில்லிமீட்டர் கனம், வழவழப்பான மேற்புறம் நாணைத் தொடுமாறு. முன்கைக் காப்புக்கு 3 மில்லிமீட்டர். துண்டுத் தோலை எடைக்கு விற்கும் கடைகளில் கேட்டால், காலணிக்கு வெட்டியது போக மிஞ்சியதிலேயே இரண்டும் தேறும். இடக்கை முட்டிக்கு, கட்டைவிரலில் மாட்டும்படி ஒரு சிறு மடல் வெட்டிக்கொள்ளுங்கள்; அம்பு அதன் மேல் உட்காரும்.

---

குடியாத்தம் 70 மீட்டர் எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும். ஒலிம்பிக்கில் 70 மீட்டரில் ரிக்கர்வ் வில்லால்தான் போட்டி. அதற்குப் பயிற்சி செய்பவர் பாதியில் மரவில்லை எடுத்தால், நாணை இழுத்து நிறுத்தி அம்பை விடும் பழக்கம் கெட்டு இரண்டிலும் நிலைக்க மாட்டார் என்பதே என் எண்ணம். சகோதரிக்குப் போட்டியில் ஆர்வம் உண்டா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். சைட் இல்லாத வில்தான் வேண்டும் என்றால், நம் நாட்டிலேயே மூங்கில் வில்லும் மர அம்பும் கொண்ட இந்தியன் ரவுண்டு போட்டிப் பிரிவு இருக்கிறது. மூங்கில் வில்லில் தொடங்கிய நம் நாட்டு வில்லாளி லிம்பா ராம் 1992இல் பெய்ஜிங்கில் உலக சாதனையைச் சமன் செய்தார். ஆனால் அதை அவர் செய்தது நவீன வில்லில். ஐரோப்பிய நீள்வில் மீது நமக்கு எதற்கு இத்தனை மயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

---

செங்கம் கல்தேடி எழுதியது:

குடியாத்தம் நண்பரே, போட்டி பற்றி நீங்கள் சொன்னது நியாயம்தான். ஆனால் மரவில் நமக்கு அந்நியம் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. பழைய வட ஆர்க்காடு மாவட்டத்தின் செங்கம் பகுதியில் உள்ள பல்லவர் கால நடுகற்களை நேரில் பாருங்கள். ஆநிரை கவர்வதிலும் மீட்பதிலும் இறந்த வீரர்கள் இடக்கையில் வில்லும் வலக்கையில் வாளோ குறுவாளோ ஏந்தி நிற்கிறார்கள். சில கற்களில் உடலில் தைத்த அம்புகளையும் செதுக்கியிருக்கிறார்கள். கொல்லிமலையை ஆண்ட ஓரிக்கு அடைமொழியே வல்வில்தான். மரம் வேறாக இருக்கலாம். எய்பவரின் தோளுக்கு வேலை ஒன்றுதான்.

சகோதரியின் பவுண்டுக் கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. 1545இல் மூழ்கி 1982இல் மீட்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் முழுமையாகக் கிடைத்த 137 வில்களும் 100 பவுண்டுக்கு மேல், சில 180ஐயும் தாண்டும் என்று மதிப்பிடுகிறார்கள். அவை சிறுவயது முதல் அதற்கென்றே வளர்ந்தவர்களின் போர்க்கருவிகள். அந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு பவுண்டை ஏற்றும் ஆசை பலருக்கு வருகிறது, வேண்டாம். 35 பவுண்டை இழுத்துக் கடைவாயில் தொடும்போது கை நடுங்காமல் இருந்தால் அது உங்களுக்கு உரிய வில். நடுங்கினால் 30க்கு இறங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நடந்து எய்வதற்கு ஜவ்வாது மலைக் காட்டுப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வில்லையும் அம்பையும் ஆயுதப் பட்டியலில் வைத்திருக்கிறது; வேட்டைக்கு வரவில்லை என்று வனத்துறையினரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரும். பாலாற்று மணலும் கூடாது. வெறிச்சோடிக் கிடப்பது போலத் தெரியும், நாணலுக்குப் பின்னாலிருந்து ஆடு மேய்ப்பவர் எழுந்து வருவார்.

---

காட்பாடி வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பெரியவர் சொன்னபடி அளந்து பார்த்தேன். நாண் ஐந்தரை அங்குலத்தில்தான் இருந்தது. முறுக்கைக் கூட்டியதும் முன்கையில் அடி நின்றுவிட்டது. 35 பவுண்டு அம்புகளுக்குச் சொல்லியிருக்கிறேன். அவை வரும்வரை பிளாஸ்டிக் இறகு அம்புகளைத் தொடப்போவதில்லை.

குடியாத்தம் நண்பருக்கு: போட்டியில் எனக்குப் பெரிய ஆர்வம் இல்லை. ஆனாலும் ரிக்கர்வை விற்க மாட்டேன். அதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கிவிட்டு, மற்ற நாட்களில் மரவில் என்று வைத்துக்கொள்கிறேன். அணைக்கட்டுப் பக்கம் உறவினர் ஒருவருக்குத் தோப்பு இருக்கிறது, அனுமதியும் கிடைத்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு சந்தேகம்: கத்திரி வெயில் நெருங்குகிறது. நம் ஊர் வெயிலை இந்த மரம் தாங்குமா?

---

திருப்பத்தூர் பழைய வில்லாளி எழுதியது:

நிழலில் தாங்கும். பூட்டிய காருக்குள் தாங்காது; ஈரப்பதம் அளவுக்கு மீறி வற்றினால் மரம் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முதல் சில இழுப்புகள் பாதியளவு போதும், ஆனால் அம்பில்லாமல் இழுத்த நாணை ஒருபோதும் வெறுமனே விட்டுவிடாதீர்கள். இடைவேளை நீண்டால் நாணைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் சுவரில் சாய்த்து வைக்காமல் இரண்டு முளைகளில் படுக்கையாக வையுங்கள். நாணுக்குத் தேன்மெழுகு. அம்புகள் வந்ததும் ஒவ்வொன்றையும் காதருகில் பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள். நெரியும் சத்தம் கேட்டால், விலையைப் பார்க்காமல் இரண்டாக ஒடித்துப் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு முறை எய்யப் போகும் முன்பும் இதைச் செய்ய வேண்டும்.