ஒரே ரிப்ளை பட்டன்: ஒரு குழுவில் 86 பேருக்குப் போகிறது, இன்னொன்றில் ஒருவருக்கு மட்டும். ஏன்?

ஈசூன்_மோர்:
வணக்கம். மானம் போன கதை, சிரிக்காமல் படியுங்கள். சிங்கப்பூரில் தைப்பூசத்தன்று பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை நடப்பவர்களுக்காக நாங்கள் தண்ணீர்ப்பந்தல் போடுகிறோம். அதற்கு ஒரு மின்னஞ்சல் குழு, 86 பேர். "இந்த வருஷமும் மோர் அக்கா பொறுப்பு" என்று செயலாளர் எழுதியிருந்தார். அவருக்கு மட்டும் என்று நினைத்து ரிப்ளை அழுத்தி, "போன வருஷம் தண்ணீருக்குள் மோரைத் தேடினோமே, மறந்துபோச்சா?" என்று அனுப்பிவிட்டேன். 86 பேருக்கும் போய்விட்டது. அக்காவுக்கும்.

நான் இருக்கும் இன்னொரு குழுவில் (கட்டற்ற மென்பொருள் தமிழாக்கம்) நேர்மாறு. அதே ஜிமெயில், அதே ரிப்ளை, ஆனால் எழுதியவருக்கு மட்டும்தான் போகிறது. மூன்று வாரமாகக் குழுவோடு பேசுவதாக நினைத்து ஒரே ஆளிடம் பேசியிருக்கிறேன், அவரும் பாவம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கே கோளாறு? அனுப்பியதைத் திரும்ப வாங்க முடியுமா?

தேக்கா_கோப்பி:
முடியாது லா. ஜிமெயிலில் 'அன்டூ' 5 விநாடியிலிருந்து 30 விநாடி வரைதான். செட்டிங்ஸில் இப்போதே 30 வைத்துவிடுங்கள். அக்கா வீட்டுக்கு நேரில் போவது உத்தமம், கையில் பழத்தோடு.

பழைய_நிர்வாகி:
கோளாறு உங்களிடமும் இல்லை, ஜிமெயிலிலும் இல்லை. மெயிலின் தலைப்பகுதியில் 'ரிப்ளை-டு' என்று ஒரு வரி இருக்கலாம். இருந்தால் ரிப்ளை அந்த முகவரிக்குப் போகும், இல்லாவிட்டால் 'ஃப்ரம்' முகவரிக்கு. பந்தல் குழு நிர்வாகி அந்த வரியில் குழுவின் முகவரியைப் போட வைத்திருக்கிறார், தமிழாக்கக் குழுவில் போடவில்லை. கணினியில் மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியில் 'ஷோ ஒரிஜினல்' போய்ப் பாருங்கள், தெரிந்துவிடும்.

எது சரி என்பது பழைய சண்டை. இப்படிக் குழுக்களை நடத்தும் மெயில்மேன் மென்பொருள், பதில் எழுதியவருக்கே போகட்டும் என்றுதான் பரிந்துரைக்கிறது. நானும் அந்தக் கட்சி. குழுவுக்குப் போகவேண்டியது ஒருவருக்குப் போனால் மறுபடி அனுப்பிக்கொள்ளலாம். மோர் விஷயம் எல்லோருக்கும் போனால் என்ன செய்வது?

தமிழாக்கக் குழுவில் இனி 'ரிப்ளை ஆல்' அழுத்துங்கள். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளில் 'ரிப்ளை லிஸ்ட்' என்றே தனிப் பட்டன் உண்டு. மெயிலோடு வரும் 'லிஸ்ட்-போஸ்ட்' வரியைப் பார்த்து அது குழுவுக்கு மட்டும் அனுப்பும். 1998லேயே வகுத்த வரி அது. ஜிமெயிலில் அப்படிப் பட்டன் கிடையாது.

ஈசூன்_மோர்:
பார்த்தேன், நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. அப்படியானால் பந்தல் குழுவில் ஒருவருக்கு மட்டும் எழுத, ஃப்ரம் முகவரியை நகலெடுத்தால் போதுமா? இன்னொன்று, குழுவுக்கு நான் அனுப்புவது எனக்கே திரும்பி வருவதில்லை. போகிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

பழைய_நிர்வாகி:
நகலெடுக்குமுன் உற்றுப் பாருங்கள். 2014 ஏப்ரலில் யாஹூ, தன் பெயரில் வேறு சர்வரிலிருந்து வரும் மெயிலை மறுத்துவிடுங்கள் என்று அறிவித்தது. அதற்குப் பிறகு பல குழுக்கள் ஃப்ரம் வரியிலும் குழு முகவரியைப் போட ஆரம்பித்தன. பெயருக்குப் பின்னால் 'வையா' (via, அதாவது 'வழியாக') என்று இருந்தால் அது அந்த ரகம், அதற்கு எழுதினால் மறுபடி 86 பேர்! அவருடைய சொந்த முகவரியைப் புது மெயிலில் தட்டி அனுப்புங்கள்.

திரும்பி வராதது ஜிமெயில் வேலை. ஒவ்வொரு மெயிலுக்கும் 'மெசேஜ்-ஐடி' உண்டு. குழுவிலிருந்து அதே ஐடியோடு வருவதை, ஏற்கெனவே 'சென்ட்'டில் இருப்பதுதானே என்று இன்பாக்ஸில் காட்டாமல் விட்டுவிடும். போயிருக்கிறது, பயப்படாதீர்கள்.

தேக்கா_கோப்பி:
அக்கா விஷயம் என்ன ஆச்சு?

ஈசூன்_மோர்:
நேற்று பதில் போட்டார், 86 பேருக்கும். "தயிர் நான் வாங்கித் தருகிறேன். இந்த வருஷம் மோர் அவள் கலக்கட்டும்."