ஏற்காடு மலைல சின்ன ஸ்கூலுக்கு நெட் வேணும், வழி சொல்லுங்க

வணக்கம். ஏற்காடு மலைக்குள்ள ஒரு அரசு தொடக்கப்பள்ளில வேலை பாக்குறேன். ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மொத்தம் 14 பிள்ளைங்க, ரெண்டு டீச்சர், எல்லாரும் ஒரே ரூம்தான்.

பிரச்சனை சிக்னல். வருகைப்பதிவும், 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தோட மதிப்பீடும் ஆப்ல தான் ஏத்தணும், ஜன்னல் கம்பிகிட்ட போனை வச்சா ஒரு கோடு வரும், பாதி ஏறி சுத்திக்கிட்டே நிக்கும், மூடுபனி மழைன்னா அதுவும் இல்ல. காபி தோட்டத்து மேட்டுப் பாறைல ஏறுனா 4ஜி நல்லா கிடைக்குது, ஆனா இன்னொரு டீச்சர் டிரெய்னிங் போற நாள்ல பிள்ளைங்கள விட்டுட்டு எப்படி ஏறுறது? ஒண்ணாப்பு பிள்ளைங்க இருக்காங்க, மனசு கேக்காது.

மூணு கம்பெனி சிம்மும் மாத்திப் பாத்தாச்சு. டாங்கிள் போட்டும் அதே கதை. கேபிள் நெட் கேட்டா எங்க ஊர் வரைக்கும் லைன் இல்லங்கறாங்க. சிக்னலக் கூட்டுற பூஸ்டர் வைங்கன்னு சிலர் சொல்றாங்க, லைசன்ஸ் இல்லாம அது சட்டப்படி தப்பு, ஸ்கூல்ல வைக்க மாட்டேன். மேட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல சில்வர் ஓக் மரம் அடர்த்தியா நிக்குது, ஓட்டுக் கூரை, கரண்ட் அடிக்கடி போகும்.

ஏற்காடு, கல்வராயன், கொல்லிமலை பக்கம் யாராவது சிம் போடுற ரவுட்டரோட வெளிய கம்பத்துல ஆண்டெனா மாட்டி ஓட்டுறீங்களா, எந்த மாடல், எவ்ளோ உயரத்துல வச்சீங்க?